என் மனைவியின் சைக்கிளைத் துடைத்த மழைக்காலம்

எங்கள் பகுதியில் சைக்கிள்கள் துருப்பிடிக்கத் தொடங்கும் நாள் ஆயுத பூஜை. மழையின் மேல் பழி போடுவதுதான் வழக்கம். மழை வாய் திறந்து மறுக்காது என்பதால் அது வசதியாகவும் இருக்கிறது. நடப்பது என்ன? வருடம் முழுக்க ஒரு துணிகூடப் படாத வண்டியை அன்று காலையில் வாசலுக்குக் கொண்டுவந்து, குழாயைத் திறந்துவிட்டு, அச்சுக்குள்ளும் செயினுக்குள்ளும் தண்ணீர் புகும்வரை கழுவுகிறோம். துடைப்பதற்குள் நல்ல நேரம் வந்துவிடுகிறது. ஈர இரும்பின் மேல் திருநீறு பூசி, தண்ணீரில் குழைத்த சந்தனத்தை அப்பி, அதன் நடுவில் குங்குமம் வைத்து, ஹேண்டில்பாரில் ஈரம் சொட்டும் சாமந்திச் சரத்தைச் சுற்றுகிறோம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கி ரிம்முக்கும் சாறு காட்டுகிறோம். பொட்டைத் துடைப்பது அபசகுனம். எனவே அது தானாக உதிரும்வரை யாரும் தொடுவதில்லை. உதிர்வதற்குள் ஐப்பசி மழை வந்து சேர்கிறது.

நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் இரும்புத் தகடுகளை வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்துச் சோதிப்பதற்கு ஒரு பெட்டி இருந்தது. உள்ளே உப்புத் தண்ணீரைப் புகைபோலத் தெளித்துக்கொண்டே இருப்போம். அந்தப் பெட்டியால்கூட இவ்வளவு ஒழுங்காகச் செய்ய முடியாது. கார்த்திகை மாதத்தில் திருமுல்லைவாயில் ரயில் நிலைய சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு சுற்று வந்து பாருங்கள். பொட்டு இருந்த இடத்தில், பொட்டின் அளவிலேயே, வட்டமாகத் துரு பூத்திருக்கும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் துருத் தடுப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த உலோகத்தை எதனால் கழுவுவது, எவ்வளவு நேரத்துக்குள் உலர்த்துவது, எந்த எண்ணெயை எங்கே பூசுவது, பூசியதை யார் சரிபார்ப்பது என்று எல்லாவற்றுக்கும் அங்கே நடைமுறை உண்டு. அதில் பாதியை எழுதியவன் நான்தான். விடைகொடுத்த அன்று பூமாலையும் சுவர்க்கடிகாரமும் தந்தார்கள். நடைமுறைகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார்கள். அவற்றோடு வீட்டுக்கு வந்தேன். வீட்டில் அவற்றைச் செயல்படுத்திப் பார்க்க எனக்குக் கிடைத்த ஒரே உருப்படி என் மனைவியின் சைக்கிள்.

அவள் அம்பத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் நர்ஸ். ஓய்வுக்கு இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன. காலை ஷிஃப்ட் என்றால் இருட்டு பிரியும்போதே கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் ஷேர் ஆட்டோ வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. எனவே சைக்கிள். செயின் கவரும் முன்கூடையும் வைத்த பழைய லேடீஸ் சைக்கிள். பெரிய ரோட்டில் லாரிகள் ஓரம் கட்டித் தூங்கும் நேரத்தில் அவள் பாட்டுக்குப் போவாள். அந்த அரை மணி நேரத்தில் அவளை சிஸ்டர் என்றும் கூப்பிட ஆளில்லை, அம்மா என்றும் கூப்பிட ஆளில்லை. ஏங்க என்று அவள் கூப்பிடவும் நான் அங்கே இல்லை. இதை அவளே ஒருமுறை சொன்னாள், என்னைப் புண்படுத்தும் நோக்கம் சிறிதும் இல்லாமல்.

இரண்டு வருடத்துக்கு முந்தின மழையில் அந்த சைக்கிள் நடுவழியில் நின்றுவிட்டது. முதல்நாள் முழுக்க மருத்துவமனை முற்றத்தில் நனைந்து நின்ற வண்டி. உள்ளே புகுந்த தண்ணீர் ஒரே இரவில் பெடல் அச்சை இறுக்கிவிட்டது. மறுநாள் விடியலில் பாதி தூரம் தள்ளிக்கொண்டே போனாள். இரவு ஷிஃப்ட் பார்த்த நர்ஸ் வீட்டுக்குப் போக முடியாமல் தன் கைக்குழந்தையை நினைத்துக்கொண்டு காத்திருந்தாளாம். என் மனைவி யாரிடமும் திட்டு வாங்கவில்லை. அதுதான் அவளை அதிகம் உறுத்தியது.

பூந்தமல்லியில் குடியிருக்கும் எங்கள் மகன் போன வருடம் மழைக்கு முன்னால் வந்து தீர்ப்புச் சொன்னான்.

"ம்மா, இந்த மழைக்கும் ஒரு வாட்டி வழியில நின்னுச்சுன்னா வண்டிய பழைய இரும்புக்காரருக்குப் போட்டுரலாம். அதுக்கப்புறம் அப்பா ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விடட்டும். அவருக்குத்தான் இப்ப வேல ஒண்ணும் இல்லியே."

"அவர் பின்னாடி உக்காந்தா ரோட்டுல இருக்கற ஒவ்வொரு பள்ளத்துக்கும் யார் பொறுப்புன்னு கேட்டுக்கிட்டே போகணும்டா," என்றாள் என் மனைவி. "ஆஸ்பத்திரி வர்றதுக்குள்ள எனக்கே ட்ரிப்ஸ் ஏத்தணும்."

ஆனாலும் ஒப்புக்கொண்டாள். ஒருமுறை நின்றால் போதும், அவளுடைய அரை மணி நேரம் போய்விடும். என்னைப் பார்த்து, "உங்க பொறுப்புதான்," என்றாள். பணிக்காலம் முழுவதும் எத்தனையோ கையெழுத்துப் போட்டு ஏற்ற பொறுப்புகள் எதுவும் இந்த இரண்டு சொற்களைப் போலக் கனத்ததில்லை.

புரட்டாசியில் வேலையைத் தொடங்கினேன். உரிந்த பெயிண்டைத் தேய்த்து, துரு தெரிந்த இடங்களில் தடுப்புப் பூச்சு அடித்தேன். சீட்டைக் கழற்றி அதன் தண்டுக்கு கிரீஸ் தடவினேன். சைக்கிளில் மழை புகுவது அந்த வழியாகத்தான். சீட்டுத் தண்டின் இடுக்கில் இறங்கும் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே போய்ப் பெடல் அச்சில் தங்கும். மேலே பார்த்தால் வண்டி பளபளக்கும், உள்ளே குளம் கட்டியிருக்கும். துணிக்கடைப் பையை சீட்டில் கட்டிவிட்டு நிம்மதியாகப் போகிறவர்கள் சீட்டைக் காப்பாற்றுகிறார்கள், சைக்கிளை அல்ல. செயினுக்கும் அச்சுகளுக்கும் எண்ணெய் விட, ஊசி இல்லாத ஒரு புது சிரிஞ்சை மருந்துக்கடையில் வாங்கி வைத்துக்கொண்டேன். சக்கரத்தின் போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாக மெழுகுத் துணியால் துடைத்தேன். தெருவில் போனவர்கள் பெண்ணுக்குக் கல்யாணமா என்று கேட்காத குறை.

எல்லாம் முடிந்த வாரத்தில் ஆயுத பூஜை வந்தது.

"வண்டிய வெளிய எடுங்க, கழுவணும்," என்றாள்.

"கழுவியாச்சு. இனிமே தண்ணி படக்கூடாது."

"பூஜைக்குக் கழுவாம எப்படி?"

"சரி, கழுவினதா வெச்சுக்க. பொட்டு வெக்கிற எடத்த நான் சொல்றேன். சீட்டுல வெக்கலாம். ஹேண்டில் ரப்பர்ல வெக்கலாம். மட்கார்ட் கீழ தொங்கற பிளாஸ்டிக்ல எவ்வளவு வேணும்னாலும் வெக்கலாம்."

"பிளாஸ்டிக்குக்கா ஆயுத பூஜை கொண்டாடறாங்க? இரும்புல வெச்சாத்தான் பொட்டு."

"இரும்புல வெச்சா பொட்டு இருந்த எடத்துல ஓட்டை."

"நான் ஊசி போடற ட்ரேக்கே பொட்டு வெக்கிறவ. இதுக்கு வெக்காம விடுவேனா? ஒரு வருஷம் என்னைச் சுமக்குது. நீங்க சுமப்பீங்களா?"

 இந்த முறை பொட்டு வைக்கும் வேலையை நானே செய்கிறேன் என்றேன். எனக்கு இவ்வளவு பக்தி எப்போது வந்தது என்று அவள் சந்தேகமாகப் பார்த்தாள். ஆனால் அடுப்பில் சுண்டல் இருந்தது.

சந்தனப் பொடியை வாஸ்லினில் குழைத்தேன். குங்குமத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்தேன். தண்ணீர் ஒரு சொட்டுக்கூடச் சேராத, இரும்புக்குக் காப்பாகவும் இருக்கக்கூடிய பொட்டு. ஹேண்டில்பார், முன் ஃபோர்க், நடுக்குழாய், கேரியர் என்று தாராளமாக வைத்தேன். பட்டையாகவே இழுத்தேன். ஐயப்பாட்டுக்கு இடமான மூட்டுகளில் இரண்டு பூச்சு. கற்பூரம் காட்டியபோது சந்தனம் பளபளவென்று மின்னியதைப் பார்த்து, "என்னா சந்தனம் வாங்கினீங்க, இவ்ளோ பளபளப்பு?" என்றாள். நல்ல கடை என்றேன்.

பூச்சின் தரத்தைப் பற்றி எனக்கு இன்றும் குறை இல்லை. மூன்று மழை பெய்தும் பொட்டு அசையவில்லை. பூச்சு உலராது என்பதைத்தான் கணக்கில் எடுக்கத் தவறிவிட்டேன். ஒருநாள் மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து வந்தவள் வெள்ளைக் கோட்டை என் முன்னால் விரித்துக் காட்டினாள். இடுப்புப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு.

"காலையில வார்டுல நுழையறேன். ஒரு புள்ளையோட அம்மா கோட்டைப் பாத்துட்டு அழ ஆரம்பிச்சிட்டாங்க. டாக்டர் வந்து யாரோட ரத்தம்னு கேக்கறாரு. நான் என்ன சொல்றது? சைக்கிளோடதுன்னு சொன்னேன்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"சைக்கிளுக்கு இப்ப பரவாயில்லையான்னு கேட்டாரு."

விரலால் பொட்டைத் தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். "சாமிக்கே கிரீஸ் வெக்கிற ஆள் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்," என்றாள். திட்டு அதோடு முடிந்தது. கோட்டைத் துவைக்கும் வேலை எனக்கு வந்தது. அந்தக் கறையும் எந்தச் சோப்புக்கும் அசையவில்லை.

கார்த்திகையில் பெருமழை. இரவெல்லாம் கொட்டி, காலையில் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. இன்று ஒருநாள் ஸ்கூட்டரில் விடட்டுமா என்று கேட்டேன். கேட்காதது போல முன்கூடையில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு மணி நேரம் கழித்து ஃபோன் வந்தது.

"வந்து சேந்துட்டேன். சுரங்கப்பாதைய அடைச்சு வெச்சிருக்காங்க. பள்ளத்துத் தெரு வழியாத்தான் வந்தேன். தண்ணி பெடலுக்கு மேல."

"அச்சு முங்கிச்சா?"

"நான் முங்காததப் பத்திக் கேக்க மாட்டீங்களா? அடுத்த ஷிஃப்டுக்கு வர வேண்டியவங்களால வர முடியலியாம். சாயங்காலம் வரைக்கும் நான்தான். வெச்சிடறேன், ஒரு புள்ள அழுவுது."

சாயங்காலம் வரைக்கும் என்றால் முந்தின வருடம் நடந்ததேதான். சாக்கடை கலந்த தண்ணீர் அச்சுக்குள் நாள் முழுக்க ஊறும், மறுநாள் விடியலில் பெடல் இறுகும், நடுவழியில் நிற்கும். மகன் பழைய இரும்புக்காரருக்கு ஃபோன் போடுவான். மூழ்கிய பாகத்தை அன்றைக்கே, ஈரம் காய்வதற்கு முன்பே, வடித்து எண்ணெய் விட வேண்டும் என்பது நானே எழுதிய விதி. ஸ்பேனர், பழைய வேட்டி, எண்ணெய் டப்பா, சிரிஞ்ச் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, மழைக்கோட்டு மாட்டி, ஸ்கூட்டரை எடுத்தேன். மேட்டுத் தெருக்களாகத் தேடித் தேடி, ஊரைச் சுற்றி மருத்துவமனை போய்ச் சேர்ந்தேன்.

முற்றத்தின் ஓரத்தில், தகரக் கூரைக்கு வெளியே, வண்டி நனைந்துகொண்டு நின்றது. கூரைக்கு அடியில் தள்ளி நிறுத்தி, முதலில் சீட்டைக் கழற்றினேன். அது மேலும் நனைய வேண்டாமே என்று பைக்குள் வைத்தேன். பின்னால் ஒரு குரல்.

"யோவ் பெருசு. இன்னா பண்ணிக்கினு கீற?"

வாட்ச்மேன். என்னைவிடப் பத்து வயது குறைந்தவர், வேலைக்குப் புதிது போலிருந்தது. கையில் குடை, அதை மடக்கித் தடிபோலப் பிடித்திருந்தார்.

"தண்ணி எடுக்கறேன்," என்றேன்.

"தண்ணி எடுக்கறதுக்கு சீட்ட இன்னாத்துக்குப் புடுங்கின? அத பைல வேற வெச்சுக்கின."

"அது நனையக்கூடாதுன்னு வெச்சேன். சீட்டுத் தண்டு வழியா உள்ள போற தண்ணி கீழ பெடல் அச்சுல தங்கும். அத வெளியேத்தணும்னா முதல்ல—"

"போன வாரம் இங்க ஒரு சீட்டு காணாப் போச்சு. அதையும் உன்ன மாரி ஒரு டீசண்டான ஆளுதான் எடுத்துகினு பூட்டானாம்." பைக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னாது ஊசி?"

"எண்ணெய் விடறதுக்கு."

"சைக்கிளுக்கு ஊசி போட வந்தியா?"

"இது என் மனைவியோட சைக்கிள். குழந்தைங்க வார்டு சிஸ்டர்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கை முழுக்கக் கிரீஸ்.

"சிஸ்டரம்மா ஊட்டுக்காரரு பெரிய ஆபீசராச்சே. இங்கயே நில்லு, நகராத," என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் வந்த ஆயாவிடம் உள்ளே சொல்லி அனுப்பினார். என் வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் அடையாளச் சான்று கேட்டிருக்கிறேன். கேட்கும் பக்கம் எவ்வளவு சுகமான இடம் என்பது அன்றுதான் தெரிந்தது.

என் மனைவி வராந்தாவுக்கு வந்தாள். வாட்ச்மேன் குடையால் என்னைச் சுட்டிக் காட்டினார்.

"சிஸ்டரம்மா, இந்த ஆள உனுக்குத் தெர்யுமா?"

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள். சீட்டில்லாத சைக்கிளைப் பார்த்தாள். என் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தாள்.

"எங்கியோ பாத்த மாதிரிதான் இருக்கு," என்றாள். "எதுக்கும் போகும்போது பைய ஒரு தடவ பாத்து அனுப்புங்க." சொல்லிவிட்டு, சிரிப்பை உதட்டுக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆயாவுக்கு அவ்வளவு அடக்கம் இல்லை. தாழ்வாரம் முழுக்க அவள் சிரிப்புக் கேட்டது.

வாட்ச்மேனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. குடையைச் சுவரில் சாத்திவிட்டு, "நீ ஏன் நைனா முன்னாடியே கோவமா பேசல? கோவமா பேசியிருந்தா ஆபீசர்னு நம்பியிருப்பேன்," என்றார். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்க்க ஒரு பக்கம் அவரே பிடித்தார். சீட்டுக் குழாய் வழியாகப் பழுப்புத் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது, கூடவே ஒரு இலையும் கொஞ்சம் மணலும்.

"இன்னா நைனா, உள்ள ஒரு ஏரியே கீது."

வடிந்ததும் நல்ல தண்ணீரால் அலசி, வேட்டியால் துடைத்து, செயினைச் சுற்றச் சுற்ற எண்ணெய் விட்டு, அச்சுகளுக்கு சிரிஞ்சால் ஏற்றினேன். வாட்ச்மேன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் தன் சைக்கிளையும் தள்ளிக்கொண்டு வந்து, "அப்டியே இதுக்கும் ஒரு ஊசி போட்டுடு," என்றார். அதன் சீட்டு என் பலம் முழுவதற்கும் அசையவில்லை. அவர் வண்டியை வாங்கிய நாள் முதல் அது கழற்றப்படவில்லையாம். "பரவால்ல நைனா, எவனாலயும் திருட முடியாதுல்ல," என்று திருப்தியோடு தள்ளிக்கொண்டு போனார்.

சாயங்காலம் அவள் வரும்வரை அங்கேயே இருந்தேன். வந்தவள் பெடலைக் காலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். சத்தமில்லை. தலையை ஆட்டினாள். நான் வந்த மேட்டுத் தெரு வழியை, எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்பது உட்பட, விளக்கமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். முன்னால் அவள், பின்னால் சைக்கிள் வேகத்தில் என் ஸ்கூட்டர். முதல் திருப்பம் வந்தது. அவள் திரும்பவில்லை. நேராகப் பள்ளத்துத் தெருவின் முனைக்குப் போய் நின்றாள். தண்ணீர் காலையில் இருந்த அளவிலேயே இருந்தது.

"இங்க எதுக்கு வந்த? சுத்திப் போகணும்னு சொன்னேனே," என்றேன்.

"சுத்திப் போனா ஒரு மணி நேரம். விடிஞ்சதுலேர்ந்து நிக்கிறேன், கால் கெஞ்சுது."

"இப்பத்தான் காய வெச்சேன்."

"அதான் எப்படிக் காய வெக்கிறதுன்னு ஜன்னல் வழியாப் பாத்துத் தெரிஞ்சுகிட்டேனே," என்றாள். கோட்டைச் சுருட்டிக் கூடைக்குள் திணித்துவிட்டு, மணியை அடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். பெடல் மூழ்கியது. அச்சு மூழ்கியது. ஸ்கூட்டரோடு அதற்குள் இறங்க எனக்குத் துணிவில்லை. மத்தியானம் முழுக்க நான் செய்த வேலை பழுப்புத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நேராகப் போவதைக் கரையில் நின்று பார்த்தேன். அக்கரையில் ஏறியதும் திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். அப்புறம் போய்விட்டாள்.

ஊரைச் சுற்றி நான் வீட்டுக்கு வந்தபோது கேட்டருகே சைக்கிள் தலைகீழாகச் சுவரில் சாய்ந்திருந்தது. சீட்டு தனியே, ஜன்னல் திண்டில், காய்ந்த துணியின் மேல் இருந்தது. குழாயிலிருந்து கடைசிச் சொட்டுகள் விழுந்துகொண்டிருந்தன. அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கால்களை முக்காலியில் நீட்டி, டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"அலசியாச்சு. துடைச்சாச்சு. எண்ணெய் மட்டும் நீங்க விடுங்க, ஊசி உங்க பைல இருக்கு."

"ஸ்பேனர் என் பைலதானே இருந்துச்சு. எதால கழட்டின?"

"எதிர் வீட்ல வாங்கினேன். ஏன், கழட்டறதுக்கு உங்ககிட்ட கையெழுத்து வாங்கணுமா?"

சுற்றி வந்து பார்த்தேன். குற்றம் கண்டுபிடிக்க நியாயமான நேரம் எடுத்துக்கொண்டேன். போக்ஸ் கம்பிகளை வெளியிலிருந்து உள்ளே துடைத்திருந்தாள். உள்ளிருந்து வெளியே துடைக்க வேண்டும். அதைச் சொன்னேன். டீ ஆறுவதைப் பற்றி அவள் சொன்னாள். எண்ணெய் விட்டு முடித்து, சீட்டை மாட்டி, வண்டியைக் கூரைக்கு அடியில் நிறுத்தினேன்.

மறுநாள் விடியலில் அவள் கதவைச் சாத்தும் ஓசை கேட்டு விழித்தேன். எழுந்து போகவில்லை. கேட் திறந்தது, மூடியது. இனி பெடல் ஒரு சுற்று வரும்போது 'கடக்' என்று ஒரு சத்தம் வரலாம், வந்தால் அது அச்சு, வண்டி எஸ்டேட் ரோடு வரைகூடத் தாங்காது என்று படுக்கையில் இருந்தபடியே காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். தவளைகள் கத்தின. பக்கத்து வீட்டு மோட்டார் ஓடியது. வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன், 'கடக்' வரவே இல்லை. அதற்குள் அவள் போயே போய்விட்டிருந்தாள்.